சிபிலில் 806, வங்கியில் 'இல்லை'

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற திங்கட்கிழமை உங்கள் வணிகப் பக்கத்தில், சிபில் ஸ்கோர் (வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்) 750-க்கு மேல் இருந்தால் கடன் வீடு தேடி வரும் என்று ஒரு குறிப்பு வந்திருந்தது. எங்கள் பட்டறையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் கணவர் அதைச் சத்தமாகப் படித்தார். படித்து முடித்ததும் என்னைப் பார்த்தார். நான் சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டேன். என்னுடைய ஸ்கோர் 806. கடன் என் வீட்டைத் தேடி வரவில்லை. நான்தான் அதைத் தேடி மூன்று இடங்களுக்குப் போனேன். மூன்று இடத்திலும் இல்லை என்றார்கள்.

அந்தக் குறிப்பை எழுதியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அதை நம்பிக்கொண்டு போய் நிற்கிறவர்களுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று யாராவது சொல்ல வேண்டும். அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் சேலம் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். இருபத்திரண்டு வருடமாகிறது. என் கணவர் பற்றவைப்பு வேலை. கணக்கும் மெருகும் என் பொறுப்பு. ஐந்து பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். செவ்வாய்ப்பேட்டை வியாபாரி வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார். அதைக் கொலுசாக்கித் திருப்பி எடை போட்டுக் கொடுப்போம். சேதாரக் கணக்கு பார்த்துக் கூலி வாங்கிக்கொள்வோம். வெள்ளி கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டிய பிறகு வியாபாரிகள் கையை இறுக்கிவிட்டார்கள். இன்னொரு பக்கம் ராஜ்கோட்டிலிருந்து மெஷினில் செய்த சரக்கு வந்து குவிகிறது. நாங்கள் கையால் பின்னும் சங்கிலியை அங்கே மெஷின் பின்னுகிறது. நாங்களும் ஒன்று வாங்கினால்தான் பிழைக்க முடியும் என்று கணக்குப் போட்டோம். கொட்டேஷன் 4,60,000 ரூபாய்.

பதினான்கு வருடமாகக் கணக்கு வைத்திருக்கும் வங்கிக்குத்தான் முதலில் போனேன். 2018-இல் அங்கேயே சிறு தொழிலுக்கான அரசுத் திட்டமான முத்ராவில் ஒன்றரை லட்சம் கடன் வாங்கி, ஒரு தவணை கூடத் தவறாமல் அடைத்திருக்கிறேன். அந்த நம்பிக்கையில், சிறு தொழில் என்று காட்டும் உத்யம் பதிவுச் சான்று, மூன்று வருட வருமான வரிக் கணக்கு, ஓராண்டு பாஸ்புக் நகல் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துப்போனேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். வாங்கியதற்கு ஒரு சீட்டும் தரவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. பட்டறையில் ஐந்து கிராம் வெள்ளி கைமாறினால்கூடத் துண்டுக் காகிதத்தில் எழுதி வாங்குகிற ஆள் நான். அங்கே போனால் மட்டும் கை கட்டிக்கொள்கிறது.

எட்டாம் நாள் போனபோது, "சிஸ்டத்தில் ரிஜெக்ட் ஆகிவிட்டது, அம்மா" என்றார் அந்த அலுவலர். ஏன் என்றேன். மேலிடத்து முடிவு என்றார். இரண்டு நாள் கழித்து மறுபடி போனேன். இந்த முறை வேறொருவர், வெள்ளித் தொழில் என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார், ஏதோ எனக்கு நோய் வந்ததைச் சொல்வது போல. மூன்றாம் முறை மேலாளரையே பார்த்தேன். அவர் நல்ல மனிதர்தான், உட்காரச் சொன்னார். "வீட்டுப் பத்திரம் இருந்தால் பார்க்கலாம், அம்மா" என்றார். வீடு என் மாமியார் பெயரில் இருக்கிறது. எழுந்து வந்துவிட்டேன். குறு, சிறு தொழில்களுக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை ஈடு கேட்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே வங்கிகளுக்குக் கட்டளையிட்டிருக்கிறது என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த அறையில் வாய் வந்திருக்குமா என்பது சந்தேகம்.

ஒரே விண்ணப்பத்துக்கு, மூன்று முறை போனதற்கு மூன்று காரணம். ஒன்றுகூடக் காகிதத்தில் இல்லை.

அதற்குள் என் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது: உங்களுக்கு 5 லட்சம் ரூபாய் முன்கூட்டியே அனுமதிக்கப்பட்டுள்ளது. மகளை உட்கார வைத்து அதில் கேட்ட விவரமெல்லாம் நிரப்பினோம். கடைசிப் பொத்தானை அழுத்தினால், மன்னிக்கவும், தற்போது வழங்க இயலாது என்று வருகிறது. அனுமதி கொடுத்ததும் அவர்கள்தான், ஒரே நிமிடத்தில் மறுத்ததும் அவர்கள்தான். அதன் பிறகு இன்னொரு வங்கி. அங்கே ஐந்து நாள். பதில் அதேதான். இப்படி ஒவ்வொரு இடத்திலும் விண்ணப்பம் போடும்போது அவர்கள் என் பெயரைத் தட்டிப் பார்ப்பது, சிபில் போன்ற நிறுவனங்கள் வைத்திருக்கும் என் கடன் அறிக்கையில் பதிவாகிறது. கொஞ்ச காலத்தில் அடுத்தடுத்துப் பல பேர் தட்டிப் பார்த்தால், இந்த அம்மாவுக்கு ஏதோ பண நெருக்கடி என்று அர்த்தம் கொள்கிறார்கள். இரண்டு மாதத்தில் 806 என்பது 781 ஆயிற்று. காரணம் தெரியாமல் கதவு கதவாகத் தட்டியதற்குக் கிடைத்த கூலி அது. (நம்முடைய அறிக்கையை நாமே எடுத்துப் பார்த்தால் ஸ்கோர் குறையாது. பலர் இதற்குப் பயந்துகொண்டே பார்ப்பதில்லை.)

எங்கள் தெருவில் வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான், முதலில் அறிக்கையை முழுதாக எடுத்துப் படி என்றார். சிபில் என்பது ஒரு நிறுவனத்தின் பெயர்தான். எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இன்னும் மூன்று இருக்கின்றன. நான்கும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் நடைமுறை. நான்கையும் எடுத்தோம். ஒன்றில் 781, இன்னொன்றில் 752. அதே நான்தான், அதே கடன்கள்தான். ஒவ்வொரு நிறுவனமும் தன் தன் வழியில் கணக்குப் போடுகிறது. நான் 806 என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போன இடத்தில் அவர்கள் எந்த அறிக்கையைப் பார்த்தார்களோ!

ஸ்கோர் 300-க்கும் 900-க்கும் நடுவில் வரும். வாங்கிய கடனை நாள் தவறாமல் கட்டினோமா, கார்டில் எவ்வளவு தேய்த்து வைத்திருக்கிறோம், எத்தனை வருடமாகக் கடன் பழக்கம், எத்தனை முறை விண்ணப்பம் போட்டோம் என்பவற்றை வைத்து அதைப் போடுகிறார்கள். அறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோதுதான் அதில் எதெல்லாம் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. என் வங்கி இருப்பு இல்லை. வைப்புத்தொகை இல்லை. பதினொரு வருடமாக ஒரு மாதம் கூடத் தவறாமல் கட்டி, மகளின் கல்லூரிக் கட்டணத்தையே அதில் எடுத்த சீட்டு இல்லை. பட்டறையில் எத்தனை பேர், மாதம் எத்தனை ஜோடி கொலுசு போகிறது, ஒன்றும் இல்லை.

எங்கள் தொழிலில் வெள்ளியை உரைத்துப் பார்த்தால் டச், அதாவது சுத்தம், எவ்வளவு என்று தெரியும். அது எத்தனை கிலோ என்று உரைகல் சொல்லாது. தராசில் வைக்க வேண்டும். இந்த ஸ்கோர் வெறும் உரைகல். கொடுத்தால் திருப்பிக் கட்டுகிற குணம் எனக்கு உண்டா என்று அது சொல்கிறது. இவ்வளவு பெரிய கடனைத் தாங்கும் வருமானம் உண்டா என்று பார்க்க வங்கி தனியாக ஒரு தராசு வைத்திருக்கிறது. அந்தத் தராசு நம் கண்ணில் படுவதில்லை. உங்கள் திங்கட்கிழமைக் குறிப்பிலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

என் விஷயத்தில் தராசுத் தட்டில் என்ன இருந்தது என்பது அறிக்கையின் நான்காம் பக்கத்தில் கிடைத்தது. மூன்று வருடத்துக்கு முன் என் கொழுந்தனார் சரக்கு வண்டி வாங்க 7 லட்சம் கடன் எடுத்தார். ஜாமீன் கையெழுத்து நான் போட்டேன். குடும்பத்தில் கையெழுத்துக்கு மதிப்பு என்னுடையதற்குத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் கொஞ்சம் பெருமையாகத்தான் போட்டேன். அந்தக் கடன், ஜாமீன்தாரர் என்ற குறிப்போடு, என் அறிக்கையில் என் பெயரின் கீழ் நிற்கிறது. மாதத் தவணை 14,870. கொழுந்தனார் ஒரு நாள் தாமதம் இல்லாமல் கட்டி வருகிறார். அவர்மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர் நாளைக்குக் கட்டாவிட்டால் கட்ட வேண்டியது நான்.

பெரியவர் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். வரிக் கணக்கில் நான் காட்டியிருக்கும் ஆண்டு வருமானம் 4,10,000. மாதத்துக்குச் சுமார் 34,000. நான் கேட்ட கடனை ஐந்து வருடத்தில் 12 சதவீத வட்டியில் அடைப்பதாக வைத்தால் தவணை ஏறக்குறைய 10,230. என் கடன் மட்டும் என்றால் நூறு ரூபாய் வருமானத்தில் முப்பது ரூபாய் தவணைக்குப் போகும். ஜாமீன் தவணையையும் சேர்த்தால் நூறில் எழுபத்து மூன்று. பாதிக்கு மேல் போனாலே பெரும்பாலான வங்கிகள் தயங்கும், உனக்கு எழுபத்து மூன்று வந்தால் கம்ப்யூட்டர் வேறு என்ன சொல்லும் என்றார். நான் வாயடைத்துப் போனேன். ஒரு மாதமாக வெள்ளித் தொழிலையும் வீட்டுப் பத்திரத்தையும் நினைத்து நினைத்துக் குமைந்துகொண்டிருந்தேன். காரணம் நான் பெருமையாகப் போட்ட என் கையெழுத்து.

வருமானத்திலும் தவறு என் பக்கம் உண்டு, மறைக்கவில்லை. கூலியில் பாதி ரொக்கமாக வருகிறது. அதில் ஐந்து பேருக்கு ரொக்கமாகவே சம்பளம் போகிறது. வங்கிக் கணக்கில் அது எட்டிப் பார்ப்பதே இல்லை. கையிருப்புச் சரக்கைக் காட்டலாம் என்றால், பட்டறையில் இருக்கும் வெள்ளி செவ்வாய்ப்பேட்டைக்காரருடையது. வெள்ளி நகையையும் ஈடாக வைத்துக் கடன் வாங்க 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி விதிகள் வகுத்திருக்கிறது. ஒருவருக்குப் பத்துக் கிலோ வரை அனுமதி. இதைக் கேட்டு எங்கள் பட்டறைப் பெண்கள் சிரித்தார்கள். வாரத்துக்கு எத்தனையோ கிலோ எங்கள் கை வழியாகப் போகிறது. காலில் கிடப்பதைத் தவிர ஒரு பொட்டுகூட எங்களுடையது கிடையாது.

நான் மட்டும் இல்லை என்பதற்காக இரண்டு பேரைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுப் பையன் கணினி வேலைக்குப் போகிறான், ஸ்கோர் 790. புது நிறுவனத்தில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது என்று அவனுக்கு கிரெடிட் கார்டு மறுத்துவிட்டார்கள். கார்டுக் கடனுக்கும் ஈடில்லாத தனிநபர் கடனுக்கும் வங்கிகள் கூடுதல் மூலதனம் ஒதுக்க வேண்டும் என்று 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி சொன்னதிலிருந்து இந்த வாசல் குறுகியிருக்கிறது. அதில் அவன் செய்த குற்றம் ஒன்றுமில்லை. இன்னொருவர் என் சின்னம்மா மகன், ஏற்காட்டில் காப்பித் தோட்ட அலுவலகத்தில் வேலை. அவருடைய ஸ்கோர் என்னுடையதைவிட அதிகம். வீடு கட்டக் கடன் கேட்டார், கிடைக்கவில்லை. அவர் வாங்கிய மனைக்கு முறையான அங்கீகாரம் இல்லை. ஏற்காடு மலைப்பகுதி என்பதால் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் விதிகள் வேறு. வங்கியின் வழக்கறிஞர் பத்திரத்தைப் பார்த்தார், மனிதரைப் பார்க்கவில்லை. அவருக்கு ஒரு நல்லது நடந்தது: என்ன காரணம் என்று அவருக்குச் சொன்னார்கள். அலைய வேண்டிய அலுவலகம் எது என்று தெரிந்துகொண்டு இப்போது அங்கே அலைகிறார்.

வங்கி மறுக்கக்கூடாது என்று நான் எழுதவில்லை. அது ஊரார் சேமிப்பு. புதிதாக வேலைக்கு வருகிறவளிடம் நானே முதல் நாளில் அரைக் கிலோ வெள்ளியை நம்பிக் கொடுக்க மாட்டேன். ஆனால் கொடுக்காததற்குக் காரணம் சொல்வேன். வங்கிகளுக்கும் அது கடமை. கடன் தருவோருக்கான நியாய நடைமுறை விதிகளை ரிசர்வ் வங்கி 2003-இல் கொண்டுவந்தது. மறுத்தால் முக்கியக் காரணங்களை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது முதலில் சிறு கடன்களுக்கு மட்டும் இருந்தது. பிறகு தொகை வரம்பு இல்லாமல் எல்லாக் கடனுக்கும் விரிவாக்கப்பட்டது. குறு, சிறு தொழில் விண்ணப்பத்தை வாங்கினால் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை தர வேண்டும். 25 லட்சம் வரையான கடனுக்குப் பதினான்கு வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வங்கி என்னைப் பற்றி எந்த அறிக்கையைப் பார்த்ததோ அதன் நகலைக் கேட்டு வாங்கும் உரிமை 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்திலேயே இருக்கிறது. இவை எல்லாம் நாட்டில் இருக்கின்றன. எனக்கு மூன்று இடத்திலும் கிடைத்தது 'சிஸ்டம்' என்ற ஒரே சொல்.

பெரியவர் சொல்லச் சொல்ல, தமிழிலேயே ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். விண்ணப்பித்த தேதி, கேட்ட தொகை, மறுக்கப்பட்டதாக வாய்மொழியாகச் சொன்ன தேதி, விதியின்படி காரணத்தை எழுத்தில் தருமாறு வேண்டுகோள். முதல் வங்கிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். நேரில் கொடுத்தால் மறுபடி கை கட்டிக்கொள்ளும் என்று பயம். பத்தொன்பதாம் நாள் பதில் வந்தது, இரண்டே வரி: தற்போதுள்ள கடன் பொறுப்புகளைக் கருத்தில் கொண்டு, வருமானத்துக்கேற்பத் திருப்பிச் செலுத்தும் திறன் போதுமானதாக இல்லை. வெள்ளித் தொழிலைப் பற்றி அதில் ஒரு எழுத்தும் இல்லை. வீட்டுப் பத்திரத்தைப் பற்றியும் இல்லை. பெரியவர் காகிதத்தில் போட்ட கணக்கு அப்படியே இருந்தது. இந்த இரண்டு வரியை முதல் நாளே தந்திருந்தால் நான் மற்ற இரண்டு வாசலை மிதித்திருக்க மாட்டேன். ஸ்கோரில் இருபத்தைந்தும் போயிருக்காது.

அறிக்கையில் இன்னொன்றும் கண்டோம். அடைத்து முடித்த ஸ்கூட்டர் கடன் ஒரு நிறுவனத்தின் ஏட்டில் இன்னும் நிலுவையில் இருப்பதாகக் காட்டியது. இணையத்தில் புகார் கொடுத்தோம். முப்பது நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று 2024 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. இருபத்தாறாம் நாளே திருத்திவிட்டார்கள். நூறு ரூபாய்க்கு இருக்கும் வேகம்!

இப்போதைய நிலை இது. கொழுந்தனாரின் கடனில் எனக்குப் பதில் தன் மாமனாரை ஜாமீன் மாற்றித் தருவதாக அவரே முன்வந்திருக்கிறார். கடன் கொடுத்த நிறுவனம் பரிசீலிக்கிறோம் என்று சொல்லியிருக்கிறது, எழுத்தில் கேட்டிருக்கிறோம். பட்டறைக் கூலியை அடுத்த மாதத்திலிருந்து முடிந்தவரை வங்கி வழியாகவே தருமாறு செவ்வாய்ப்பேட்டைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். முகம் சுளித்தார், ஆனால் மறுக்கவில்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். திங்கட்கிழமைப் பக்கத்தில் ஸ்கோரை உயர்த்துவது எப்படி என்று வாரம் தவறாமல் வருகிறது. ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்கும் கடிதத்தின் மாதிரியை அந்த இடத்தில் அச்சிடுங்கள், கத்தரித்து எடுத்துக்கொள்கிற அளவில். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ பதிலில் நிறைவு இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது, 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம் என்பதையும் கீழே சேர்த்துவிடுங்கள். எங்கள் பக்கத்தில் பல பட்டறைகளில் உங்கள் நாளிதழ் வாங்குகிறார்கள். படித்து முடித்த பிறகு கொலுசு மடிக்கவும் அதுதான்.

என் பெயரை வெளியிட வேண்டாம். ஜாமீன் மாறியதும் அதே வங்கியில்தான் மறுபடி விண்ணப்பிக்கப் போகிறேன். மெஷின்காரர் கொடுத்த கொட்டேஷன் இந்த மாதம் முப்பதாம் தேதி வரைதான் செல்லும் என்று போட்டிருக்கிறது. ஒரு மாதம் நீட்டித் தருமாறு நேற்று அவருக்கும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
கொலுசுப் பட்டறை நடத்தும் வாசகி,
சிவதாபுரம், சேலம்.